நான் பறந்து காட்டிய சாம்பிள்

2006, மாசி மாதத்து ஞாயிறு. காலை ஆறு மணிக்குத் திருப்பூரிலிருந்து ஜீப் கிளம்பியது. ஓட்டியவர் செந்தில், பெருமாநல்லூரில் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். முன்சீட்டில் குருசாமி, பனியன் ஏற்றுமதி செய்பவர். நான் நூல் ஏஜென்ட். மூவரும் பள்ளித் தோழர்கள்; முந்தைய வருடம் வடக்கே போய்ப் பாராகிளைடிங் கற்றுக்கொண்டு வந்த பைத்தியங்கள். குருசாமியிடம் ஒரு நீலக் கிளைடர் இருந்தது. அதே நீலத்தில் இன்னொன்று புதிதாக வந்திருக்கிறது, அதில் நீங்கள் பறந்து வாருங்கள், நான் பழையதில் பின்னாலேயே வருகிறேன் என்றிருந்தார்.

பின்சீட்டில் என்னோடு இரண்டு மூட்டைகளும் அந்தோணியும். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், குருசாமியின் சாம்பிள் டெய்லர்; வெளிநாட்டு பையருக்குக் காட்டும் மாதிரிகளைத் தைப்பவர். பூசைக்குப் போகிற மனிதரை ஞாயிற்றுக்கிழமை எதற்கு இழுத்து வருகிறீர்கள் என்று கேட்டேன். சும்மா வேடிக்கை பார்க்க என்றார் குருசாமி. அந்தோணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காங்கேயத்தில் டீ குடித்துவிட்டு, தாராபுரம் சாலையில் போய் ஊதியூர் மலையேறினோம். பத்து மணிக்குக் கிழக்கேயிருந்து கீழ்க்காற்று சீராக வந்தது. அது தள்ளுகிற திசையில், வான்வழியாகப் பதினைந்து கிலோமீட்டர் அளவில் அவிநாசிபாளையம். ஜீப் சாலை வழியே வந்து ஏற்றிக்கொள்ளும்.

முதல் கால் மணி நேரம் சொர்க்கம். கீழே மாடுகள் மேயும் கொறங்காடு, அதைச் சுற்றிக் கிளுவை வேலி, ஒரு ரைஸ் மில்லின் புகைபோக்கி. அப்புறம் வலப்பக்க இறக்கை மடங்கியது. கயிற்றை இழுத்தேன், விரிந்தது. மறுபடி மடங்கியது. மறுபடி இழுத்தேன். குருசாமி எங்கேயாவது தெரிகிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். வானத்தில் என்னைத் தவிர யாருமில்லை.

அவிநாசிபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கொறங்காட்டு வேலியோரம் விழுந்தேன். கிளுவை முள் முழங்கை வரை கிழித்துவிட்டது. ஜீப் வந்து நின்றதும் குதித்து ஓடிவந்த அந்தோணி என்னைத் தாண்டிப் போய்த் துணியைப் புரட்டினார்.

"வலப்பக்கந்தான மடங்குச்சு? அடுக்கி வெட்டுனதுல அடித்துணி வழுக்கிட்டுண்ணே. நாந்தான் தச்சேன். ஒங்ககிட்ட சொல்லியாச்சுன்னு மொதலாளி சொன்னாவளே."

பனியனுக்குப் போடுவதுபோல அடுக்குப் போட்டு வெட்டியிருக்கிறார்கள். பேட்டர்ன் எடுக்கப் பிரித்த ஒரிஜினல், குருசாமியின் பழைய கிளைடர், இன்னும் டேபிளில் கிடக்கிறதாம். ஜீப்பில் ஏறி, பழைய கிளைடர் என்று கொண்டுவந்த இரண்டாவது மூட்டையை அவிழ்த்தேன். உள்ளே கட்டிங் வேஸ்ட், வெட்டிப்போட்ட பனியன் துணி.

செந்தில் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. நீங்களே பறந்து பார்த்திருக்கலாமே என்று, பறக்காமல் ஜீப்பிலேயே வந்து இறங்கிய குருசாமியிடம் கேட்டேன்.

"கோவிச்சுக்காதீங்க மாப்ளே. நாளைக்கு பையர் வர்றாருங்க. எனக்கு ஒண்ணு ஆயிட்டா யூனிட்டை யாருங்க பாக்கறது? உங்களுக்குக் குடும்பம் குட்டினு ஒண்ணும் இல்லீங்களே."

அடிப்பதற்குக் கை எழவில்லை. வெறுத்துப்போய்விட்டது. அந்த நீலத் துணியை அங்கேயே விட்டுவிட்டு ரோட்டுக்கு நடந்தேன். முதுகுக்குப் பின்னால், அடுத்த சாம்பிளை ஒவ்வொரு துணியாக வெட்டச் சொல்லி குருசாமி அந்தோணியிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

திருப்பூர் பஸ்ஸில் ஆறு ரூபாய் டிக்கெட். பக்கத்து சீட்டு அம்மா தக்காளிக் கூடையை நகர்த்தி இடம் கொடுத்தார்.

"ஏனுங்க, நீலமா ஒண்ணு மேல கோணிக்கிட்டே போச்சே, பாத்தீங்களா? பாவம், அதுல இருந்தவரு பொழைச்சாரோ என்னமோங்க."

"பொழைச்சுட்டாருங்க" என்றேன்.

பிழைத்தேனா என்று அன்றைக்குக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.