பத்தரைக்குள் ஒரு ஸ்டார்ட்

அபிராமபுரத்தில் என் ஒர்க்‌ஷாப்பில் பிரேக், கிளட்ச் வரை என் கையே போதும். பவர் ஸ்டீயரிங் கரண்டில் ஓட ஆரம்பித்ததிலிருந்து காஷிஃபைக் கூப்பிட்டாக வேண்டியிருக்கிறது. லேப்டாப்போடு ஸ்கூட்டரில் வருவான். புது ஸ்டீயரிங் மாட்யூலை மாட்டினால் மட்டும் போதாது. அதற்குள் அந்த வண்டிக்கான புரோகிராமை ஏற்றினால்தான் ஸ்டீயரிங் இளகும். ஏறி முடியும்வரை சாவி ஆனிலேயே இருக்க வேண்டும், யாரும் எதையும் தொடக்கூடாது. இதைச் சொல்லிச் சொல்லியே அவனுக்குத் தொண்டை போய்விட்டது. சொன்னால் கேட்கிற ஜனமா இது? ஒருத்தர் ஏசி போடுவார், இன்னொருத்தர் பாட்டு வைப்பார்.

போன வெள்ளிக்கிழமை சுலோச்சனா மாமியின் கார். மகள் அனுவையும் பிறந்த குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து தன் காரில், தானே ஓட்டி அழைத்து வர வேண்டும் என்று மாமிக்குப் பிடிவாதம். டாக்ஸி என்றால் முறைப்பார். ஜும்மா தொழுகை நாளில் வேலை எடுக்காத காஷிஃப், குழந்தை என்றதும் வந்துவிட்டான்.

முக்கால்வாசி ஏறியிருந்தது. நான் டீயை நீட்ட, அவன் இந்தப் பக்கம் திரும்பினான். அதற்குள் மாமி சீட்டில் ஏறி சாவியைத் திருகிவிட்டார். லேப்டாப்பில் சிவப்பு எழுத்து வந்தது. மாட்யூல் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது.

"இன்னா மாமி பண்ட்டீங்க? ஏறிக்கினு இருக்கசொல்ல திருகலாமா?" என்றான் காஷிஃப்.

"பத்தரைக்கு ராகு காலம் வந்துடும்ப்பா. அதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணிட்டா கிளம்பினதா கணக்கு. ஒரு அடி கூட நகர்த்தலையே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காஷிஃப் பல்லைக் கடித்துக்கொண்டு பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டி, முதலிலிருந்து தொடங்கினான். ஏறவில்லை. மறுபடியும் ஏறவில்லை. மாமியின் போனில் அனு, "டிஸ்சார்ஜ் ஆயிடுத்தும்மா, எங்கே இருக்கே?" என்றாள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாவமாகவும் இருந்தது, கோபமும் அடங்கவில்லை.

பன்னிரண்டு தாண்டியபோது ஏறியது. ஸ்டீயரிங் ஒரு விரலில் சுற்றியது.

"பாத்தியா, ராகு காலம் போனதும் தானா ஏறிடுத்து" என்றார் மாமி.

காஷிஃப் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன். அவன் ஸ்கூட்டரை உதைத்து, மசூதிக்குப் பறந்தான்.

நேற்று வேறொரு காருக்காக அவனுக்குப் போன் போட்டேன். என்ன வண்டி, என்ன கோளாறு என்று ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணே, இன்னிக்கு ராகு காலம் எப்ப முடியுது?" என்றான்.