கூடாரக்காரர் பெயர் ஸ்தோத்திரம்

கூடாரம் வாடகைக்கு விடும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்களுக்குத்தான் என் வயிற்றெரிச்சல் புரியும்: ஊர் முழுக்க நிழல் போட்டுக் கொடுப்போம், நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாக இருக்காது.

நியூமராலஜி

என் வீட்டுக்காரர் பெயர் அருள்ராஜ். மலேசியாவின் கிள்ளான் நகரில் எங்கள் கடை. யார் போன் செய்தாலும் சபையில் சொல்வதுபோல "ஸ்தோத்திரம்" என்றுதான் எடுப்பார். வாடிக்கையாளர்கள் அதையே அவர் பெயராக்கிவிட்டார்கள். "ஸ்தோத்திரம் அண்ணே, கூடாரம் வேணும்" என்று கூப்பிடுவார்கள். விளக்கிச் சொல்லுங்கள் என்று நான் சண்டை பிடித்தால், "கர்த்தரைத்தானே துதிக்கிறாங்க, விடு" என்பார். ஒருவர் நேரிலேயே கேட்டார்: "பேரு புதுசா இருக்கே லா, நியூமராலஜி பார்த்து வச்சதா?"

ரோஸ் கலர்

இங்கே நம் தமிழர் கல்யாணங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். இவர் சனிக்கிழமையே கூடாரம் போட்டுவிடுவார், ஞாயிறு மாலையில் பிரிப்பார். காலை ஆராதனைக்கு, மதியம் பிள்ளைகளோடு சாப்பாட்டுக்கு. இந்த ஒரே ஒரு ஒழுங்கைத்தான் ஊரிடம் கேட்டார். அதையும் விட்டார்களா?

பேத்தியின் ஞானஸ்நானத்தன்று பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சபை வாசலுக்கே ஒரு கல்யாணப் பெண்ணின் அக்கா வந்து நின்றாள். நாற்காலி உறை ரோஸ் கலரில் வேண்டுமாம், உடனே மாற்ற வேண்டுமாம். ஆராதனை முடியட்டும்மா என்று இவர் தன்மையாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சொன்னாள்: "சாமி எங்க போயிடப் போறாரு, அங்கிள்? எங்க முகூர்த்தம் போயிடும்ல?"

நித்திரை

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. சனிக்கிழமை மதியம் அடக்கம். அன்றுதான் பந்திங்கில் ஒரு கல்யாண வீட்டுக்குக் கூடாரம் போடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவர் போன் அடிக்கிறது. பந்திங்காரர். "ஸ்தோத்திரம் அண்ணன் இல்லையா?" என்றார். எங்கள் ஆட்கள் சொல்லும் வார்த்தைதான் வாயில் வந்தது: "அவரு கர்த்தருக்குள்ள நித்திரையடைஞ்சிட்டாரு."

"தூங்குறாரா? நாளைக்குக் கல்யாணம், கூடாரம் இன்னும் வரல. கொஞ்சம் எழுப்பிவிடுங்கக்கா."

பந்திங்

எழுப்ப முடிந்தால் நான் எழுப்பியிருக்க மாட்டேனா? போனைத் தூக்கி எறிந்தேன். அந்த வீட்டுக்கு ஒரு கம்பிகூடப் போகக்கூடாது என்று கத்தினேன். அடக்கம் முடிந்ததும் மகன் சாமுவேல் அதே வெள்ளைச் சட்டையோடு லோரியில் ஏறினான். "அப்பா வரேன்னு சொல்லியிருக்காரும்மா" என்றான். எனக்கு அவன்மேலும் கோபம், அவன் அப்பாமேலும் கோபம்.

மாலையில் மறுபடி பந்திங்காரர். திட்டத் தயாராகத்தான் எடுத்தேன். அவர் குரல் உடைந்திருந்தது. "மன்னிச்சிருங்கக்கா. உங்க மகன் கூடாரத்தோட வந்து சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது. வாட்சப்புல அருள்ராஜ் இறந்துட்டாருன்னு வந்துச்சு, யாரோன்னு விட்டுட்டேன். என் போன்ல அவரு பேரு ஸ்தோத்திரம்தான். அழிக்க மனசு வரல."

இப்போது அந்தப் போனை நானும் "ஸ்தோத்திரம்" என்றுதான் எடுக்கிறேன், ஞாயிறு காலை மட்டும் எவர் அடித்தாலும் எடுப்பதில்லை.