சேவுகப்பெருமாள் பார்த்துச் சொன்னால்

முதல் பாடத்தைச் சேவுகப்பெருமாள் பார்ப்பதே இல்லை. யார் போனை நீட்டினாலும் விரலால் தள்ளித் தள்ளி நடுப்பாடத்துக்குப் போய்விடுவார். "மொதப் பாடம் பொண்ணு பாக்குற அன்னைக்கு மாதிரித்தான். எல்லாரும் பவுடர் போட்டுக்கிட்டுத்தான் நிப்பாக. நடுவுல பாத்தாத்தான் சொல்லிக்குடுக்குறானா, சும்மா பேசிக்கிட்டே போறானான்னு தெரியும்."

காரைக்குடி செக்காலைப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை அவருடையது. மதியம் வேலை ஓய்ந்தால் அங்கே இன்னொரு கூட்டம் சேரும். தையல், கேக், கணக்கு, இங்கிலீஷ் என்று ஆன்லைனில் எதைப் படிப்பதானாலும் தெருக்காரர்கள் முதலில் அவரிடம்தான் காட்டுவார்கள். வாத்தியார் செய்து காட்டுகிறாரா, பயிற்சி கொடுத்துத் திருத்துகிறாரா என்று பார்ப்பார். பிறகு, படித்தவர்கள் கீழே திட்டி எழுதியிருப்பதைத் தேடிப் படிப்பார். திட்டுக்குப் பதில் எழுதாத வாத்தியார் அவரிடம் பாஸாவதில்லை.

இவ்வளவு கறாரான மனிதர் கோட்டை விட்டது சொந்த மகள் விஷயத்தில்தான். தீபலட்சுமி பள்ளத்தூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். கம்ப்யூட்டர் படிப்பு, முடித்ததும் வேலை என்று ஒரு விளம்பரத்தைக் காட்டி, "சேரவாப்பா?" என்று கேட்டாள். அதன் முதல் பாடத்தில் வாத்தியார் எடுத்த எடுப்பில், "எல்லாரும் நல்லா இருக்கீகளா? சாப்பிட்டீகளா?" என்றார். நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் இவருக்கு மனம் இளகிவிட்டது. "நம்ம ஊர்க்காரவுக பேச்சு. ஏமாத்த மாட்டாக. சேந்துக்க தாயி." நடுப்பாடத்துக்குப் போகவே இல்லை.

மகள் வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்தாள். பாதியில் பாடம் வருவது நின்றது. வாத்தியார் போனை எடுக்கவில்லை. பள்ளியிலும் வேறு ஆள் வந்தாயிற்று. தீபலட்சுமி சண்டை போட்டிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சோறு போடுகிறாள், குழம்பு ஊற்றுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அவரிடம் எதையும் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஊரே வந்து கேட்கிறது, பெற்ற பிள்ளை கேட்கவில்லையே என்ற துக்கம் மனிதரை அரித்துத் தின்கிறது.

சென்ற வாரம் பக்கத்து வீட்டு ரேணுகா வேகவேகமாகக் கடைக்கு வந்தாள். கையில் இருந்தது தீபலட்சுமியின் போன்.

"அவசரமா ஒரு போன் பேசணும்னு வாங்கியாந்தேன் மாமா. இன்னைக்கு இதுல சேரப்போறா. மறுபடியும் ஏமாந்துரக் கூடாதுல்ல? ஒங்ககிட்டக் காட்டச் சொன்னேன், வேண்டாம்னுட்டா."

கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு வாங்கினார். வாசலில் நின்ற வாடிக்கையாளரைக் காக்கவைத்தார். ஒன்றுவிடாமல் பார்த்து முடித்தபோது முகம் தெளிந்திருந்தது.

"நல்ல படிப்பு. சொல்லிக்குடுக்குற அம்மா, பிள்ளைக செஞ்ச தப்ப ஒவ்வொண்ணா எடுத்துத் திருத்துறாக. தாராளமாச் சேரலாம்."

"நீங்க சொன்னீகன்னு சொல்லிரவா மாமா?"

"வேணாந்தாயி. நான் சொன்னேன்னு தெரிஞ்சா சேர மாட்டா."

போனைத் திருப்பிக் கொடுக்க நீட்டியவர், நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். திரையில் அவருடைய கட்டைவிரல் கிரீஸ் அப்படியே பதிந்திருந்தது. வேட்டி நுனியை எடுத்து, அது போகும்வரை அழுத்தி அழுத்தித் துடைத்தார்.