உம்மா சொன்ன இந்திப் படம்

உம்மாவுக்கு இந்தி தெரியும் என்பது, நான் கலியாணம் முடித்துப் பிள்ளை பெற்ற பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

பெருநாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நான் வாழும் கந்தளாயிலிருந்து உம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். வாப்பாவும் தம்பியும் பள்ளிவாசலுக்குப் போய் வந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு, தம்பி தன் போனிலிருந்து டிவியில் ஒரு படம் போட்டான். துறைமுகப் பக்கம் உதிரிப்பாகக் கடையொன்றில் வேலை செய்கிறான். சொந்தமாகக் கடை போட வேண்டும் என்பது அவன் எண்ணம். சைக்கிளில் உடுப்புக் கழுவும் சவர்க்காரம் விற்றுப் பெரிய கம்பனி முதலாளியான ஒருவரின் வாழ்க்கைக் கதை, கட்டாயம் பார் என்று கூட்டாளி சொல்லியிருந்தானாம். தமிழில் எடுத்த படந்தான். ஆனால் இவனுக்குக் கிடைத்ததில் எல்லோரும் இந்தி பேசினார்கள். வாய் தமிழில் அசைந்தது, சத்தம் இந்தியில் வந்தது.

"வேற ஏதும் போடு மகன்," என்றார் வாப்பா.

"பொறுங்க வாப்பா, பார்க்கப் பார்க்க விளங்கும்."

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குசினி வாசலில் பாத்திரம் கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு நின்ற உம்மா சொன்னார்: "நாளையில இருந்து வேலைக்கு வர வேணாம் எண்டு சொல்றான்."

மூவரும் திரும்பிப் பார்த்தோம்.

"உங்களுக்கு எப்படி உம்மா விளங்குது?" என்று கேட்டேன்.

"குவைத்தில கதைச்சதுதானே. என்னோட குசினியில வேலைக்கு நிண்டவள் இந்திக்காரி."

நான் சின்ன வகுப்பில் படிக்கும்போது உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவர். நான் பெரிய பிள்ளையான பிறகுதான் திரும்பி வந்தார். வரும்போது மெலிந்திருந்தார், அதிகம் கதைக்கவில்லை. கொண்டு வந்த கம்பளிகளை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு அடுத்த நாளே சமைக்கத் தொடங்கினார். அந்த வருடங்களைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார வைத்தோம். உம்மா சொல்லச் சொல்லப் படம் நகர்ந்தது. சில இடங்களில் எங்களுக்கு முன்னமே சிரித்தார். "இந்தச் சொல்லை அவளும் சொல்லுவாள்," என்று ஓர் இந்திச் சொல்லை மெல்லச் சொல்லிப் பார்த்தார். கறிவேப்பிலைக்கும் உப்புக்கும் பெயர் சொல்லித் தொடங்கிய பாஷையாம் அது. வீட்டுக்காரி அரபியில் ஏசிவிட்டுப் போனதும், இருவரும் குரலைத் தாழ்த்தி அதில்தான் ஆறுதல் சொல்லிக்கொள்வார்களாம்.

பிறகு ஒரு காட்சி வந்தது. தூரத்து நகரமொன்றில் அந்த இளைஞன் தெருவோரத் தொலைபேசியில் தாயுடன் கதைக்கிறான்.

"என்ன சொல்றான் உம்மா?" என்றான் தம்பி.

"சாப்பிட்டானாம்." டிவியைப் பார்த்தபடியே சொன்னார்: "பொய்."

குவைத்திலிருந்து அழைப்பு வரும் நாட்களில் வாப்பா எங்களைத் தொலைபேசி வைத்திருந்த கொமினிகேஷன் கடைக்குக் கூட்டிப்போவார். "சாப்பிட்டீங்களா?" என்பதுதான் உம்மாவின் முதல் கேள்வி. நாங்கள் திருப்பிக் கேட்டால், "ஓம் மகள், நல்லாச் சாப்பிட்டனான்," என்பார். அதை நம்பிக்கொண்டு என் பள்ளிக்கூடக் கதைகளைத் தொடங்கிவிடுவேன்.

"அங்க நீங்க ஒழுங்காச் சாப்பிட்டீங்களா உம்மா?" என்றேன்.

தம்பி படத்தை நிறுத்தினான்.

"அவங்க சாப்பிட்டு மிஞ்சினாத் தருவாங்க," என்றார் உம்மா. "மிஞ்சாத நாளும் இருந்திச்சு. அவள் ரொட்டியைத் துணியில சுத்தி ஒளிச்சு வச்சிருப்பாள். ரெண்டு பேரும் பிச்சுத் திம்பம்."

"எனக்கு ஒரு நாளும் சொல்லல்லையே," என்றார் வாப்பா.

"சொன்னா வந்திரு எண்டு சொல்லுவீங்க. வந்தா என்ன செய்யிற? வீடு அரைச் சுவரில நிண்டது."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. வாப்பா எழும்பி முற்றத்துக்குப் போனார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு வந்து, உம்மாவின் கதிரைக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்தார்.

"போடு மகன், மிச்சத்தையும் பார்ப்பம்," என்றார் உம்மா. முடியும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். முதல் இருந்த வேகம் மட்டும் இல்லை.

டிவியை அணைத்த பிறகும் யாரும் எழும்பவில்லை. அந்த இந்திக்காரியின் பெயரைக் கேட்டேன், சொன்னார். ஊர் தெரியாதாம். கடைசி நாள், உம்மா பெட்டியோடு வெளிக்கிடும்போது, வீட்டுக்காரிக்குத் தெரியாமல் குசினிக் கதவின் பின்னால் நின்று உம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாளாம்.

"அவள் ஊருக்குப் போனாளோ தெரியாது," என்றார் உம்மா. "போயிருக்க வேணும்."