மச்சினனும் கார் இன்வெர்ட்டரும்

இன்று தூத்துக்குடியிலிருந்து மதுரை போகும் வழியில், காருக்குள்ளேயே மகளுக்கு ஆன்லைன் இன்டர்வியூ.

லேப்டாப் பேட்டரி செத்து ஒரு யுகம் ஆகிறது. அதனால், துறைமுகத்துக்கே விளக்கெரிக்கும் என்று கடைக்காரர் சத்தியம் செய்த இன்வெர்ட்டரைக் காரில் மாட்டியிருந்தேன்.

குறுக்குச்சாலை என்ற ஊரில் ஓரங்கட்டினோம். அவள் மளமளவென்று பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஸ்டீரிங்கில் இருந்த என் மச்சினன் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தான். லேப்டாப்பும் அணைந்தது.

“ஏலே, என்னலே பண்ணுத?”

“கரண்ட் போனாத்தான அத்தான் இன்வெர்ட்டர் ஓடும்? நம்ம வீட்ல அப்படித்தான!”

நான் போட்ட சத்தத்தில் தூத்துக்குடிக் கடல் இலங்கை வரை உள்வாங்கியது.

மறுபடி கூப்பிடுவார்களா தெரியாது. மகள் போனையே முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த மகா விஞ்ஞானியை அங்கேயே பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டேன். அந்தப் பக்கம் காரில் போகிறவர்களைப் பார்த்துக் கைகாட்டுவான். நீங்களும் பதிலுக்குக் கைகாட்டிவிட்டு, நிறுத்தாமல் போய்க்கொண்டே இருங்கள்.