உப்பாற்றில் ஒரு கடவை

எங்கள் வீட்டு மின் மீற்றரை ஏழு வருடங்களாக வாசித்து வந்தவர் கோபிசங்கர். உரும்பிராய், கோப்பாய், இருபாலை என்று மாதத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் அவர் கணக்கில். எந்த வீட்டில் எந்த நாய் கடிக்கும், எந்த நாய் குரைக்க மட்டும் செய்யும் என்பது அவருக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட மனிதரைப் போன வருடம் வைகாசியில் ஓர் ஆட்டுக்குட்டி விழுத்திவிட்டது. இருபாலைச் சந்திக்கு அப்பால் அது குறுக்கே பாய, மோட்டார் சைக்கிள் சறுக்கி, வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்தன. ஆட்டுக்குட்டிக்கு ஒன்றும் இல்லை.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்து அனுப்பினார்கள். மூன்று மாதம் காலை நிலத்தில் ஊன்றக்கூடாது. மனைவி கஜந்தினி ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. காலை ஏழு மணிக்கு அவர் புறப்பட்டால் திரும்பப் பகல் இரண்டாகும். பத்து நாள் முகட்டு ஓடுகளை எண்ணிப் பார்த்த கோபிசங்கர் பதினோராம் நாள் மனைவியிடம் கதைக்காமல் விட்டார். பன்னிரண்டாம் நாள் எமில்ராஜ் வந்தார்.

எமில்ராஜும் மீற்றர் வாசிப்பவர்தான். பாசையூர்க்காரர், நாற்பது வயது. கோபிசங்கரை விட இரண்டு வயது மூப்பு. கோபிசங்கர் விழுந்த நாளிலிருந்து அவருடைய வீடுகளில் பாதியை, யாரும் கேட்காமலே, தன் தலையில் போட்டுக்கொண்டவர். அன்றைக்கு அவர் ஒரு பழைய லப்ரொப்பைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்.

"இந்தா, இதை வைச்சிரு. சுவரைப் பாத்துக்கொண்டு கிடந்தா உனக்கு விசர் பிடிக்கும். பிறகு கஜந்தினிக்கும் பிடிக்கும்."

அந்தக் கணினியில் ஒரு விளையாட்டு இருந்தது. ஐந்நூறு வருடங்களுக்கு முந்திய உலகம் முழுவதும் ஒரு வரைபடமாக விரியும். அதில் ஓர் அரசைத் தெரிந்தெடுத்து, படை திரட்டி, கப்பல் கட்டி, நூற்றாண்டுக் கணக்கில் ஆளலாம். கோபிசங்கர் முதல் வேலையாக யாழ்ப்பாண அரசைத் தேடிப் பிடித்தார். பிடித்ததும் வாய்விட்டுச் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று கஜந்தினி சொன்னார்.

மன்னாரிலிருந்து பருத்தித்துறை வரை ஒரே மாகாணம், ஒரே கரும்பச்சை. அடர்ந்த காடு என்று எழுதியிருந்தது. அரசின் தலைநகரான நல்லூர் போய் வடக்குக் கடற்கரையில் நின்றது. குடாநாட்டுக்குள் புகுந்து கிடக்கும் உப்புநீர்க் கடலேரி என்று ஒன்று இல்லவே இல்லை. தெற்கே இருந்து வந்த படை ஒரு சொட்டுத் தண்ணீரில் கால் நனைக்காமல் நேரே நடந்து வந்து அவருடைய அரசைப் பிடித்துக்கொண்டது.

"இஞ்ச பாருமப்பா," என்றார் கஜந்தினியிடம். "இதைக் கீறினவன் எங்கடை பக்கத்தைக் கனவிலைகூடக் காணேல்லை."

"கண்டவை ஆரும் சொல்லியிருக்க மாட்டினம்," என்றார் கஜந்தினி. "நீங்கள் சொல்லுங்கோவன்."

அந்த விளையாட்டின் வரைபடத்தைத் திருத்துவதற்கென்றே, அதை விளையாடுபவர்கள் சிலர் கூடிச் சம்பளம் இல்லாமல் வேலை செய்தார்கள். அந்தக் குழுவில் ஆசியப் பகுதிக்குப் பொறுப்பானவர் லூசியா. போர்த்துக்கல்லில் ஒரு பாடசாலையில் புவியியல் படிப்பிப்பவர். நானூறு வருடங்களுக்கு முன் யாழ்ப்பாண அரசைப் பிடித்தவர்கள் போர்த்துக்கேயர்தானே; எமில்ராஜுக்கு இதைக் கேட்டதும் தாங்க முடியவில்லை.

"பறங்கியர் திரும்பவும் வந்திட்டினமோ? இந்த முறை நீயே வழி காட்டுறியோ?"

கோபிசங்கர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். கஜந்தினி எழுத்துப் பிழை பார்த்தார். மூன்று நாளில் பதில் வந்தது. வரைந்து அனுப்புங்கள், ஒவ்வொரு எல்லைக்கும் காரணம் சொல்லுங்கள், ஆதாரம் இருந்தால் அதையும் இணையுங்கள் என்று லூசியா எழுதியிருந்தார்.

அதன் பிறகு அந்த வீட்டின் நடப்பே மாறியது. கட்டிலில் சாய்ந்தபடி, மடியில் பலகை வைத்து, கொப்பி ஒற்றைகளை ஒட்டி அவர் கோடு போட்டார். பாடசாலையால் வந்த கஜந்தினி சோறு போட்டுக் கொடுத்துவிட்டு நிறம் தீட்டினார். வலிகாமம் செம்மண்ணுக்குச் சிவப்பு. கடலேரிக்கு நீலம். வல்லை வெளிக்கு என்ன நிறம் என்று இருவரும் அரை மணித்தியாலம் வாக்குவாதப்பட்டு, கடைசியில் மஞ்சள் அடித்தார்கள். காடு என்பதை வெட்டிவிட்டு, கிணறும் தோட்டமும் பனையும் உள்ள உலர்ந்த நிலம் என்று கோபிசங்கர் விளக்கம் எழுதினார். நல்லூரை அதன் இடத்துக்குக் கொண்டுவந்தார். ஐந்து மாகாணம் கேட்டார். அவ்வளவு தாங்காது, மூன்று தருகிறோம் என்றார்கள். தீவுகளை வலிகாமத்தோடு சேர்க்க அரை மனதோடு சம்மதித்தார். மற்றவை வடமராட்சியும் தென்மராட்சியும்.

பிறகுதான் தண்ணீரின் கேள்வி வந்தது. வலிகாமத்துக்கும் தென்மராட்சிக்கும் நடுவில் உப்பாற்றுக் கடலேரி. பாலம் இல்லாத அந்தக் காலத்தில் ஒரு படை அதைக் கால்நடையாகக் கடக்குமா? கடக்காது, அடைத்துவிடுங்கள் என்று கோபிசங்கர் எழுதினார். நிச்சயமா என்று லூசியா திருப்பிக் கேட்டார். "நிச்சயம். முந்தி எனக்குக் கைதடிப் பக்கமும் வேலை. இப்போது அங்கே உள்ள பாலத்தால் தினமும் போய் வந்தவன் நான்," என்று எழுதினார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்ததாகப் பிறகு அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். லூசியா கடவையை அடைத்துவிட்டார்.

எமில்ராஜ் இதைக் கேட்டுச் சிரித்தார். "நீ பாலத்தாலைதானே போனனி. ஒரு நாளாவது தண்ணிக்குள்ளை இறங்கினனியோ?"

"நீ இறங்கினனியோ?"

"இல்லை. சனிக்கிழமை இறங்கிறன்."

சொன்னபடி செய்தார். ஆவணி மாதம், மழை கண்டு பல மாதம். கோப்பாய் - கைதடிப் பாலத்துக்குத் தெற்கே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டி, ஹெல்மெற்றைத் தலையிலிருந்து எடுக்க மறந்தபடி இறங்கினார். ஒரு கையில் ஃபோன். கட்டிலில் இருந்த கோபிசங்கர் எல்லாவற்றையும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கெண்டைக்கால் அளவுக்கு வந்தது. பிறகு எமில்ராஜ் ஓரிடத்தில் சரிந்து, "ஐயோ மாதாவே" என்றார். படம் வானத்தைக் காட்டியது.

அப்போது ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"தம்பி, ஏன் உதிலை நிண்டு மிதிக்கிறீர்? அது சேறு. இன்னும் ரெண்டு எட்டு வைச்சீரெண்டால் தூக்கிறதுக்கு ஆள் பிடிக்கவேணும்."

ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். தண்ணீரில் குந்தியிருந்து, கையால் தடவி இறால் பிடித்து, இடுப்பில் கட்டிய ஓலைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். பெயர் மீனாம்பிகை என்று வைத்துக்கொள்வோம். கைதடிக் கரையில் வீடு.

"அக்கா, இதாலை ஒரு படை நடந்து போகலாமோ எண்டு பாக்கிறன்."

மீனாம்பிகை எழுந்து நின்றார். "என்ன படை? ஆரின்ரை படை?"

"பயப்பிடாதேங்கோ. ஐந்நூறு வரியத்துக்கு முந்தின படை. கொம்பியூட்டர் விளையாட்டு ஒண்டு. என்ரை சிநேகிதன் காலை முறிச்சுப்போட்டுக் கிடந்து அதுக்குப் படம் கீறுறான்."

மீனாம்பிகை ஃபோனில் தெரிந்த கோபிசங்கரையும், கட்டுப் போட்ட காலையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "உவரோ?" என்றார். பிறகு எமில்ராஜிடம், "இஞ்சாலை வாரும், என்ரை அடி பாத்து வையும்," என்று முன்னால் நடந்தார்.

வலை கட்ட நாட்டியிருந்த கம்புகளின் வரிசையை ஒட்டியே அவர் போனார். சேறு உள்ள இடத்தில் கம்பு நிற்காது, ஆகவே கம்பு நிற்கிற இடமெல்லாம் கால் நிற்கும் என்று விளங்கப்படுத்தினார். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. நடந்து நடந்து இருவரும் மற்றக் கரையில் ஏறியபோது கோபிசங்கருக்கு முகம் சுட்டது.

"மழை காலத்திலை ஏலாதுதானே அக்கா?" என்று ஃபோனுக்குள்ளிருந்து கேட்டார். ஒரு சின்ன நம்பிக்கை.

"ஏலும் தம்பி. தொண்ணூற்றைஞ்சிலை ஆமி வருகுதெண்டு சனமெல்லாம் இடம்பெயரேக்கை நான் அந்தப் பக்கம் கோப்பாயிலை. பாலத்திலை சனம் நெருக்கிக்கொண்டு அசையாமல் நிண்டது. மழை எண்டால் அப்பிடி ஒரு மழை. மகளுக்கு ஒண்டரை வயசு. அவளைத் தோளிலை வைச்சுக்கொண்டு இறங்கினனான். இடுப்புக்கு மேலை தண்ணி. ஆனால் நடந்தனாங்கள்."

அந்த நாட்களில் கோபிசங்கருக்கு எட்டு வயது. நாவற்குழிப் பக்கத்தால், தகப்பனின் சைக்கிள் பாரில் இருந்து போனவர். மழையும், முன்னால் போன ஒரு மாட்டின் வாலும் மட்டுமே ஞாபகம். ஆட்கள் நடந்து போன இடத்தை இத்தனை நாளும் ஆளில்லாத வெறும் நீலமாக நினைத்துவிட்டோமே என்று ஒரு வெட்கம் வந்தது என்றார் என்னிடம்.

"அக்கா, இதை நான் அவையளுக்கு எழுதலாமோ? விளையாட்டுத்தானே எண்டு நினைப்பியளோ தெரியாது."

"எழுதும். நடந்ததுதானே. ஆனால் என்ரை பேரைப் போடாதையும். பிறகு ஆரும் வந்து கேள்வி கேட்டுக்கொண்டு நிப்பினம்."

அன்றைக்கே அவர் லூசியாவுக்கு எழுதினார். நான் சொன்னது பிழை, பாலத்தில் போனவனுக்குத் தண்ணீர் தெரியாது, இறங்கி நடந்த ஒருவரை இன்று கண்டேன் என்று தொடங்கி, நடந்ததை நடந்தபடி எழுதினார். இனி இவர்கள் என்னை நம்பமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் அனுப்பினார். இரண்டு நாள் லப்ரொப்பைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் கஜந்தினிதான் திறந்தார்.

"வாசிக்கட்டோ?"

"வாசியும்."

லூசியா எழுதியிருந்தார்: இருபது வருடங்களாகப் படிப்பிக்கிறேன். நான் சரி போட்ட விடையைத் திரும்பக் கொண்டுவந்து, இது பிழை, திருத்துங்கள் என்று சொன்ன முதலாவது ஆள் நீங்கள்தான். அந்தப் பெண்மணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கடவையைத் திறக்கிறோம். கோடையில் படை இழப்பில்லாமல் கடக்கும், மாரியில் கடந்தால் ஆட்கள் குறைவார்கள். இப்படிப் பருவத்துக்கு ஏற்ப மாறும் கடவை எங்கள் வரைபடத்தில் இதுதான் முதலாவது.

கஜந்தினி வாசித்து முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தேத்தண்ணி போடுறன்," என்று குசினிக்குப் போனார்.

புரட்டாதியில் கோபிசங்கர் காலை ஊன்றினார். கார்த்திகையில் ஊன்றுகோலோடு கந்தோருக்குப் போனார். மேசை வேலை கொடுத்தார்கள். மார்கழியில் புதிய வரைபடம் வெளியானது. நன்றிப் பட்டியலில் அவர் பெயருக்குக் கீழே அவர் கேட்டபடியே மூன்று வரிகள் இருந்தன. நிறம் தீட்டியவர் கஜந்தினி. தண்ணீரில் இறங்கியவர் எமில்ராஜ். வழி காட்டியவர், கைதடியில் இறால் பிடிக்கும் ஓர் அக்கா.

புது வரைபடத்தில் விளையாடிய முதல் நாளே அவர் நல்லூரைப் பறிகொடுத்தார். வன்னியிலிருந்து வந்த படை ஆனி மாதத்தில் உப்பாற்றை நடந்து கடந்துவிட்டது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தால் வென்றவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சீப்புக் கதலி வாழைப்பழமும் ஒரு சேலையும் எடுத்துக்கொண்டு, கஜந்தினியோடும் எமில்ராஜோடும் ஓட்டோவில் மீனாம்பிகை வீட்டுக்குப் போனார். மீனாம்பிகை வலை பிரித்துக்கொண்டிருந்தார். வந்தவர்களை உடனே மட்டுக்கட்டவில்லை. எமில்ராஜ் ஹெல்மெற்றைக் கதைக்குள் கொண்டுவந்ததும் சிரித்துவிட்டார்.

"நன்றி சொல்லவேணும் எண்டு வந்தனாங்கள் அக்கா," என்றார் கோபிசங்கர்.

"இதுக்கென்ன நன்றி? சேத்துக்குள்ளை இறங்கின மனுசனை வெளியிலை எடுத்தனான். அவ்வளவுதானே."

கோபிசங்கர் லப்ரொப்பைத் திறந்து காட்டினார். நீலத்தின் குறுக்கே சின்னதாக ஒரு புள்ளிக்கோடு. மீனாம்பிகை கையைச் சீலையில் துடைத்துவிட்டு, விரலை அதன் மேல் வைக்காமல், சற்று மேலே பிடித்தபடி அந்தக் கோட்டின் வழியே கொண்டுபோனார்.

"அண்டைக்கு எனக்கு முன்னாலை ஒருத்தர் தடியாலை குத்திக் குத்தித் தண்ணி பாத்துக்கொண்டு போனவர். இருட்டுப்பட்டுக்கொண்டு வந்தது. முகம்கூடத் தெரியேல்லை. கரையேறினாப் பிறகு சனத்துக்குள்ளை எங்கை போனாரெண்டும் தெரியாது. ஒரு வார்த்தை சொல்லேல்லை அந்தாளுக்கு." விரலை எடுத்துக்கொண்டு, "அந்தாள் அண்டைக்குச் செய்ததை நான் உவருக்குச் செய்தன். உதிலை என்னெண்டு நான் நன்றி வாங்கிறது?" என்றார்.

கஜந்தினி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மீனாம்பிகை திரையைத் திரும்பப் பார்த்துக் கேட்டார்.

"அது சரி, இந்த விளையாட்டிலை இதாலை போறவை கரை சேருவினமோ?"

"கோடையிலை எல்லாரும் சேருவினம். மாரியிலை கொஞ்சப் பேர் குறைவினம் அக்கா," என்றார் கோபிசங்கர்.

"குறையிறதோ? அது பிழை," என்றார் மீனாம்பிகை உறுதியாக. "நாங்கள் பன்ரண்டு பேர். குழந்தைப்பிள்ளையோடை பதின்மூண்டு. மாரிதான் அது. ஒருத்தரும் குறையேல்லை. ஒருத்தற்றை கையை ஒருத்தர் விடாமல் பிடிச்சுக்கொண்டு வந்தனாங்கள்."

கோபிசங்கர் அங்கேயே, அந்த வீட்டு முற்றத்துக் கதிரையில் இருந்தபடியே, லூசியாவுக்கு அதை எழுதினார். பதில் வரும்வரை இருக்கத் தேவையில்லை என்று எமில்ராஜ் சொன்னாலும், மீனாம்பிகை சாப்பிடாமல் விடவில்லை. இறால் குழம்பும் சோறும். மூன்று பேரும் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மாசியில் வந்த அடுத்த திருத்தத்தில், ஆட்கள் குறைவார்கள் என்ற விதி நீங்கியிருந்தது. மாரியில் உப்பாற்றைக் கடக்கும் படை இப்போது மெதுவாகப் போகிறது. ஆனால் எல்லோரும் போய்ச் சேர்கிறார்கள்.