மதினி பேசுறேன்

கம்பெனிக்குள் நடக்கும் திருட்டுத்தனத்தைத் தடுப்பதுதான் என் உத்தியோகம். சின்னமனூர்ப் பக்கம் வாழைக்காயைத் தரம் பிரித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி. சென்னையில் பயிற்சி முடித்து வந்த திமிரில், முதல் வேலையாக ரகசியப் புகாருக்கென்று தனியாக ஒரு செல்போன் வாங்கினேன். 'பெயர் சொல்ல வேண்டாம், நாங்களும் கேட்க மாட்டோம்' என்று ஷெட்டெங்கும் போஸ்டர் ஒட்டினேன். வாசகம் என்னுடையதுதான். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று நானே திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

மாதக்கணக்கில் போன் அடிக்கவில்லை. கம்பெனியே யோக்கியமாகிவிட்டது என்று முதலாளியிடம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

கடைசியில் அது அடித்தபோது, ஷெட் மேனேஜர் எனக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். பயிற்சியில் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் என் ரகசிய லைன் வேலை செய்வதை யாராவது பார்க்க வேண்டாமா? கெத்தாக எடுத்தேன்.

"சார், நல்ல காயெல்லாம் கழிவுன்னு ஒதுக்கி, பின் கேட்டு வழியா லாரியில ஏத்துறாக" என்றது ஒரு பெண்குரல்.

"அப்படியா, சொல்லுங்க மதினி" என்றேன் நான்.

பழக்கதோஷம். அவர் ஷெட்டில் காய் வெட்டுபவர், எங்களுக்குப் பக்கத்துத் தெரு. சொந்தமெல்லாம் கிடையாது, அண்ணி முறை; எங்கள் பக்கத்துப் பேச்சில் மதினி. அந்தக் குரலைக் கேட்டால் என் வாயில் வேறு வார்த்தை வராது. கம்பெனியில் நான் மதினி என்று கூப்பிடுவது அவர் ஒருவரைத்தான் என்பது வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். மறுமுனையில் போன் கட்டானது. மேனேஜர் மிச்ச டீயையும் நிதானமாகக் குடித்துவிட்டு, "வரட்டா சார்" என்று எழுந்து போனார்.

அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. மறுநாள் காலை ஷெட்டுக்குள் போனபோதுதான் உறைத்தது. மேனேஜர் நேராக அவரிடம் போய், எல்லாருக்கும் கேட்கும்படி, சிரித்தபடி, "என்ன மதினி, சௌக்கியமா?" என்றார். தாரிலிருந்து சீப்பு வெட்டிக்கொண்டிருந்தவரின் கை நின்றுவிட்டது. அவர் மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். தினக்கூலி வேலை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டால், உத்தமபாளையத்தில் காலேஜ் போகும் மகளின் படிப்பு அதோடு சரி. இந்த உத்தியோகத்தில் நான் பிடித்துக்கொடுத்த முதல் ஆள், புகார் சொன்னவர்!

முதலாளி அறைக்கு ஓடினேன். நான் ஓடியதை ஷெட்டே பார்த்தது. உள்ளே போய் நடந்ததையெல்லாம் கொட்டினேன்.

"ஒரே ஒரு ஆளு சொன்னத வச்சு மேனேஜர எப்படிய்யா கேக்குறது?" என்று முதலாளி இழுத்தார். அப்போது என் கையிலிருந்த ரகசியப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"மதினி பேசுறேன் சார். இப்பவும் பின் கேட்டுல லாரி நிக்கிது."

அது மதினியின் குரல் இல்லை. வைத்ததும் இன்னொரு அழைப்பு, இன்னொரு பெண்.

"மதினி பேசுறேன். அது மேனேஜரோட மச்சினன் வண்டி."

அடுத்து வந்தது கட்டைக்குரல். சுமை ஏற்றும் மீசைக்காரர்.

"நானும் மதினிதேன் சார் பேசுறேன். வாராவாரம் நாந்தேன் ஏத்திவிடுறேன்."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எழுந்து பின் கேட்டுக்கு நடந்தார். கழிவு என்று ஒட்டியிருந்த பெட்டிகளைப் பிரித்தால், அத்தனையும் ஏற்றுமதிக் காய். மேனேஜரை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பினார்.

மன்னிப்புக் கேட்க ஷெட்டுக்குப் போனேன். வெட்கமாக இருந்தது. வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிவிட்டு, "வணக்கம்மா" என்றேன்.

அவர் தாரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"சும்மா மதினின்னே கூப்பிடுங்க கொழுந்தனாரே. இங்கன இப்ப எல்லாருமே மதினிதேன்."